பௌனே பாஞ்ச் வண்டி

ஏர்போர்ட்டுக்கு ரயிலில் போகலாம் என்று யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கையில் பாஸ்போர்ட்டையும் காலடியில் சூட்கேஸையும் வைத்துக்கொண்டு, கூடைக்கும் மூட்டைக்கும் நடுவில் ஒற்றைக்காலில் நின்று வெளிநாடு போக வேண்டும் என்று யார் தலையில் எழுதியிருக்கிறது? என் தலையில் எழுதியவர் என் வீட்டுக்காரர்.

அவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். தொண்ணூறுகளில் ஒருமுறை பயிற்சி என்று சொல்லி மூன்று வாரம் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த மனிதர் அங்கே பார்த்த கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கிரேனைப் பற்றிப் பேசவில்லை. ரயிலைப் பற்றித்தான் பேசினார். "ஏர்போர்ட்டுக்குள்ளயே ரயில் போகுது பாத்துக்கோ. எறங்கி மாடி ஏறினா நேரே கவுண்டர்." வருகிற விருந்தாளிக்கெல்லாம் இதே கதை. காபி ஆறிப்போகும், இவர் ரயில் நிற்காது. தூத்துக்குடியிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி நாங்கள் டாலிகஞ்சில் குடியேறிய இரண்டாவது வருஷம், இந்த ஊரிலும் ஏர்போர்ட்டுக்கு ரயில் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், தானே தண்டவாளம் போட்ட மாதிரி அவருக்கு ஒரு பெருமை.

விட்டார்கள் என்றுதான் பேர். ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய வண்டிகள். டம்டம் வரை மெட்ரோவில் போய், அங்கே இறங்கிப் படியேறி, படியிறங்கி, லோக்கல் வண்டி பிடிக்க வேண்டும். அதை விட்டால் டாக்ஸி. எனக்கு வேண்டியது டாக்ஸிதான். ஆனால் துர்கா பூஜை நெருங்குகிற வாரம் கல்கத்தாவில் டாக்ஸியில் ஏறி ஊருக்கு அந்தப் பக்கம் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் முந்தின நாளே கிளம்ப வேண்டும். அதனால் அவர் சொன்னதற்கு நானும் தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்காக என் தலையில் நானே எத்தனையோ தடவை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

எதற்காகப் போக வேண்டும் என்பதைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் என் அக்கா இருக்கிறாள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன். அதற்கப்புறம் உயிர் இருக்கும், சாப்பாடு இருக்கும், பேச்சு இருக்காது.

சின்ன வயதில் நானும் அவளும் ஒரே பாயில் படுப்போம். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். எனக்குக் கல்யாணமான பிறகு இது அப்படியே மாறிப்போனது. நான் ஃபோனில் பேசுவேன், மாமியார், மாற்றல், வேலைக்காரி, பால்காரன் என்று கொட்டுவேன், அவள் ம் கொட்டுவாள். ஆபரேஷன் தேதி முடிவான அன்று அவளே கூப்பிட்டாள். குரல் அப்போதே பாதி கரகரத்துவிட்டது.

"ஏட்டி, டாக்டர் ரொம்பப் பேசக்கூடாதுங்காரு. உனக்குன்னு கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன். புதன்கிழமை பூரா நான் பேசணும், நீ வாயை மூடிட்டுக் கேக்கணும். சரியா?"

சரி என்றேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரைக்கு விமானம். புதன் காலையில் அவள் வீட்டில் இருப்பேன். அன்று முழுக்க அவள் பேசுவாள், நான் கேட்பேன். புதன் ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். கணக்கு இவ்வளவுதான்.

ரயில் நேரத்தைக் கேட்டு வந்தது நான். ஒரு வாரம் முன்னாடியே டம்டம் வரை நானே போய்க் கேட்டேன். என் வீட்டுக்காரருக்கு வங்காளி வராது. ஆபீஸில் இங்கிலீஷும் அரைகுறை இந்தியும் வைத்து ஓட்டுகிறவர். எனக்கு இரண்டே வருஷத்தில் நன்றாக வந்துவிட்டது. மார்க்கெட்டில் மீன்காரியோடு சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டது, அதைவிட வேறென்ன பரீட்சை? ஸ்டேஷனில் ஒரு காகிதத்தில் நேரத்தைக் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். எல்லாம் வங்காள எண்கள். அவர்களுடைய நாலு நம் கண்ணுக்கு எட்டு மாதிரி இருக்கும், அதை நம்பி ஏமாறுகிற ஆள் நான் இல்லை. ஜன்னலில் இருந்தவரிடம் வாய்விட்டுக் கேட்டேன்.

"பிகேலே பௌனே பாஞ்ச்டா. தார்போர் ஷேய் ராத்ரே" என்றார். சாயங்காலம் பௌனே பாஞ்ச் மணிக்கு, அதற்கப்புறம் ராத்திரிதான்.

"பௌனே பாஞ்ச்?" என்று மறுபடி கேட்டேன்.

"ஹ்யாம், பௌனே பாஞ்ச்."

பாஞ்ச் என்றால் அஞ்சு. பௌனே என்றால் முக்கால். அதை எங்கள் டாலிகஞ்ச் பஜார் டெய்லரிடம் கற்றிருந்தேன். ரவிக்கைக்கு எவ்வளவு துணி என்றால் 'பௌனே ஏக் மீட்டர்' என்பார், துணிக்கடையில் அதையே சொன்னால் முக்கால் மீட்டர் வெட்டித் தருவார்கள். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "அஞ்சே முக்காலுக்கு வண்டி. ஆறே காலுக்குள்ள ஏர்போர்ட். எட்டரைக்குத்தான் பிளேன். போதும்லா?"

"தாராளம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பஞ்சமி, விடிந்தால் பூஜை ஆரம்பம். மெட்ரோவில் மூச்சுவிட இடமில்லை. ஊர் முழுக்கப் புதுப்புடவை வாங்கிக்கொண்டு என் சூட்கேஸ் மேல்தான் உட்கார்ந்திருந்தது. டம்டமில் இறங்கினால் படி. அந்தப் படியில் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் வலிக்காரரான என் வீட்டுக்காரர் ஏறிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இங்கயும் எஸ்கலேட்டர் இருக்கும்னு நெனச்சீங்களோ?" என்று கேட்டேன். அவர் மூச்சு வாங்கினார்.

அஞ்சு இருபதுக்கே பிளாட்ஃபாரத்தில் இருந்தோம். அஞ்சே முக்கால் ஆனது. வண்டி வரவில்லை. லோக்கல் வண்டி பத்து நிமிஷம் முன்னே பின்னே வரும் என்று இருந்தேன். அஞ்சு ஐம்பத்தைந்து. வேறு எங்கெங்கோ போகிற வண்டிகள் வந்தன, போயின. அவர் எழுந்தார்.

"ஒரு எட்டு கேட்டுட்டு வந்துருதேன்."

"என்னத்தைக் கேக்கப் போறீங்க? நான்தான் ரெண்டு தடவை கேட்டுட்டு வந்தேன்லா? உங்களுக்கு அவன் சொல்றது புரியவா போகுது? உக்காருங்க."

உட்கார்ந்தார். ஆறு மணிக்கு மறுபடி எழுந்தார். மறுபடி உட்கார வைத்தேன். இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மூன்று தடவை அந்த மனிதர் எழுந்தார். மூன்றாவது தடவை, ஆறு பத்துக்கு, என் பேச்சைக் கேட்காமல் போய்விட்டார்.

திரும்பி வர நேரமானது. வந்து என் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"டைம் மாத்திட்டாங்களாம். வண்டி முன்னாடியே போயிட்டாம்."

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டிவிட்டது. யாரைக் கேட்டு மாற்றினார்கள்? ஒரு வாரத்தில் ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்கு எதற்கு ரயில், எதற்குத் தண்டவாளம்? அவர்களையும் விடவில்லை, இவரையும் விடவில்லை. ஐரோப்பா, எஸ்கலேட்டர், மாடியேறினால் கவுண்டர், எல்லாவற்றையும் இழுத்தேன். புடவைப் பையோடு நின்ற பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வெளியே டாக்ஸிகள் வரிசையாக நின்றன. ஏர்போர்ட் என்றதும் ஒவ்வொருவனும் கண்ணாடியை ஏற்றினான். "ஜாபோ நா." போக மாட்டேன் என்பதை இத்தனை நிம்மதியாகச் சொல்லுகிற ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆறாவது ஆளோ ஏழாவது ஆளோ ஏற்றிக்கொண்டான். ஏற்றிக்கொண்டு என்ன செய்ய? நாகேர்பஜார் தாண்டுவதற்குள் வண்டி அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி. லாரியின் மேல் துர்க்கை. பந்தலுக்குக் கொண்டு போகிறார்கள். சாயம் கெடாமல் இருக்க முகத்தை மட்டும் செய்தித்தாளால் மூடிக் கட்டியிருந்தார்கள். பத்து கையிலும் ஆயுதம் இல்லை, அதெல்லாம் தனிப் பெட்டியில் வரும். பையன்கள் லாரிக்கு முன்னால் டாக் என்கிற பெரிய மேளத்தை அடித்து ஆடிக்கொண்டு, ஓரடி நகர்ந்தால் ஒன்பது நிமிஷம் நின்றார்கள். நான் கதவைத் திறந்து இறங்கி, இந்த அம்மாளை ஓரமாக நிறுத்துங்கள், என் அக்காவுக்கு நாளை மறுநாள் பேச்சு போகப் போகிறது என்று வங்காளியில் கத்தினேன். மேளச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. என் வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

ஏழு நாற்பதுக்கு ஏர்போர்ட். ஏழரைக்குக் கவுண்டரை மூடிவிட்டார்கள். அந்தப் பெண் பிள்ளை மன்னிப்புக் கேட்டாள், தண்ணீர் கொடுத்தாள், மூடின கவுண்டரை மட்டும் திறக்கவில்லை. விமானம் போகவில்லை, இன்னும் ஐம்பது நிமிஷம் இங்கேயேதான் நிற்கப்போகிறது, ஆனால் நான் ஏற முடியாது. இதில் என்ன நியாயம் என்று அவளிடமே கேட்டேன். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாவம், அவள் என்ன செய்வாள்.

அங்கேயே ஃபோன் பூத்தில் நுழைந்து அக்காவைக் கூப்பிட்டேன். நடந்த எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கொட்டிய பிறகு கொஞ்சம் நெஞ்சு லேசானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ராத்திரி விமானத்தில்தான் இடம் கிடைத்தது. புதன்கிழமை மதியம் மறுபடி கூப்பிட்டபோது அத்தான் எடுத்தார். அக்கா வீட்டுக்காரர். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அவளுக்குத் தொண்டை முழுக்க அடைத்துவிட்டது, மருந்து கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறது, எழுப்ப வேண்டாம் என்றார். இந்தத் தடவை டாக்ஸியிலேயே போனேன், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே கிளம்பி. வியாழக்கிழமை விடிந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அத்தான் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். உள்ளே கொண்டுபோய் அரை மணி நேரம் ஆகிறது என்றார்.

அக்கா பிழைத்தாள். இன்றைக்கும் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். கழுத்தில் துளை, கையில் நோட்டு. மூன்றாம் நாள் கண் திறந்து என்னைப் பார்த்ததும் நோட்டைக் கேட்டு வாங்கி, 'வந்துட்டியாட்டி' என்று எழுதினாள்.

ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும்போது அத்தான் என்னை ரயிலில்தான் அந்த ஊர் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போனார். குளிர்ச்சியான பெட்டி, சூட்கேஸ் வைக்க இடம், இறங்கினால் எஸ்கலேட்டர், ஏறினால் கவுண்டர். என் வீட்டுக்காரர் சொன்னது அத்தனையும் அட்சரம் பிசகாமல் உண்மை. அது இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. அடுத்த வண்டி எத்தனை நிமிஷத்தில் என்று எண்ணால் எழுதிப் போட்டிருந்தான். அதைப் பார்த்து, எங்கள் ஊரில் இதைச் செய்ய என்ன கேடு என்று அத்தானிடம் வழி நெடுகப் புலம்பினேன்.

கல்கத்தா வந்த பிறகும் விடவில்லை. சால்ட் லேக்கில் இருந்த தமிழ்க் குடும்பங்களின் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், யாராவது ஊருக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், நான் டம்டம் கதையை ஆரம்பித்துவிடுவேன். நேரத்தை மாற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாத ரயில்காரர்கள் ஒரு பக்கம், ரயில் பைத்தியமான என் வீட்டுக்காரர் மறு பக்கம். அவர் தட்டில் இருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஒருதரம்கூட எதிர்த்துப் பேசியதில்லை.

நாலு மாதம் கழித்து, ஒரு கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன். அதே டெய்லர்தான். "பௌதி, கால் பௌனே பாஞ்ச்டாய் ஆஸ்பேன்" என்றார். நாளைக்குப் பௌனே பாஞ்ச் மணிக்கு வாங்க அண்ணி. மறுநாள் அஞ்சே முக்காலுக்குப் போனேன். கடை பூட்டிக் கிடந்தது. பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாகப் போய் நின்றேன். சொன்ன நேரத்துக்குக் கடையில் இருக்க முடியாதவருக்கு எதற்குக் கடை என்று ஆரம்பித்தேன்.

அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்தார். பௌனே பாஞ்ச் வரைக்கும் மட்டும் இல்லை, அஞ்சரை வரைக்கும் உட்கார்ந்திருந்தேன் என்றார். அஞ்சரைக்கு அப்புறம்தானே அஞ்சே முக்கால் என்றேன். அவர் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்தார். பிறகு சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே போய் நின்று, பெரிய முள்ளை விரலால் ஒன்பதில் காட்டி, சின்ன முள் நாலைத் தாண்டி அஞ்சுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும் என்று காட்டினார். குழந்தைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னார். அஞ்சடிக்கக் கால் மணி பாக்கி. அதுதான் பௌனே பாஞ்ச்.

நாலே முக்கால்.

நீங்களே சொல்லுங்கள். ஷவா பாஞ்ச் என்றால் அஞ்சேகால். கூட்டிக்கொள்ள வேண்டும். ஷாடே பாஞ்ச் என்றால் அஞ்சரை. அதுவும் கூட்டல். மூன்றாவதுக்கு வந்ததும் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கழித்துவிடுகிறார்கள். பௌனே ஏக் மீட்டர் என்பது ஒன்றுக்குக் கால் குறைவாம். இந்த ஊர்க்காரர்கள் மேல், அவர்களுடைய பாஷை மேல், அதை மெனக்கெட்டுக் கற்றுக்கொண்ட என் மேல், அந்த முக்கால் மீட்டர் துணி மேல் எல்லாம் கோபம் வந்தது. ரவிக்கையை வாங்கிக்கொள்ளாமலே வீட்டுக்கு நடந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் முடியைக் கிண்ணத்தில் போட்டு, இங்கே பொரியை அப்படித்தான் சொல்வார்கள், வெங்காயம் நறுக்கிக் கலந்துகொண்டிருந்தார்.

"பௌனே பாஞ்ச்னா எத்தனை மணி, தெரியுமா உங்களுக்கு?"

கரண்டி நின்றது. "நாலே முக்கால்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு ஸ்டேஷன்ல கேட்டப்பவே அந்த ஆள் இந்தியில சொல்லிட்டாரு. நேரம் எப்பவும் அதானாம்."

"அப்ப டைம் மாத்திட்டாங்கன்னு ஏன் சொன்னீங்க? நாலு மாசமா ஊர் பூரா உங்களைத் திட்டிட்டுத் திரியுதேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லி? அன்னைக்கு உனக்குத் திட்டதுக்கு ஒரு ஆளு வேணும். நான் இல்லைன்னா நீ உன்னையேதான் திட்டிக்கிட்டு இருப்ப. அதோட பிளேன் ஏறி அக்கா முன்னால போய் நிக்கணுமா?"

இதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் என் தப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்ள இவர் யார்? என் தப்பு எனக்கு வேண்டாமா? பொரியைத் தின்றுவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே உட்கார்ந்தபோதுதான் அந்த ஃபோன் நினைவுக்கு வந்தது. கொட்டித் தீர்த்தேன் என்று முன்னால் ஒரு வரியில் எழுதி நகர்ந்துவிட்டேன் இல்லையா, அந்த ஃபோன். ரயிலையும் அவரையும் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

பூத்திலிருந்து கூப்பிட்டதும் அக்காதான் எடுத்தாள். "கிளம்பிட்டியாட்டி?" என்றாள். இல்லை என்றேன். அழுதேன். "அழாத. நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு" என்றாள்.

"நீ இரு, மொதல்ல நான் சொல்லுதேன்" என்றேன்.

பிறகு சொன்னேன். ஜன்னல்காரர், படி, சூட்கேஸ், பிளாட்ஃபாரம், மாற்றின நேரம், டாக்ஸி, லாரி, கவுண்டர், திரும்பவும் இவர், திரும்பவும் ரயில். அவள் நடுவில் இரண்டு தடவை இருமினாள். நான் முடித்தபோது அந்தப் பக்கம் அத்தான் குரல் கேட்டது. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேச வரவில்லை, நாளைக்குக் கூப்பிடு என்றார்.

அடுத்த தடவை சிங்கப்பூர் போனபோது, அன்று என்ன சொல்ல வந்தாள் என்று அவள் நோட்டில் எழுதிக் கேட்டேன். எனக்குத்தான் வாய் இருக்கிறதே, நான் ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. அவள் யோசித்துப் பார்த்து, 'ஞாபகம் இல்லட்டி' என்று எழுதினாள்.

எனக்கென்று மிச்சம் வைத்திருந்த குரலில் அவள் கடைசியாகப் பேசியது இரண்டே வார்த்தை. நான் சொல்லுகிறேன் என்று குறுக்கே விழுந்தேனே, அதற்குச் சொன்ன பதில்.

"சரி, சொல்லு."